வாடைக்காற்றில் தீவுப் பயணம்: விருந்தாளிகளை ஏற்றும்போது

பெப்ரவரி 6, ஊர்காவற்துறை

கொழும்பிலிருந்து மச்சானும் மச்சாளும் வருகிறார்கள். எங்கள் பாய்ப்படகில் நாலு பேர், மூன்று நாள்: நயினாதீவு, காற்று விட்டால் நெடுந்தீவும். அவர்களுக்கு இன்று தொலைபேசியில் சொன்னவை: சூட்கேஸ் வேண்டாம், துணிப்பை போதும், வெறுமையாக்கினால் சுருட்டி மெத்தைக்குக் கீழே தள்ளிவிடலாம். முழுக்கைச் சட்டை, தொப்பி, கோயிலுக்கு வேட்டியும் சேலையும். கறுப்பு அடியுள்ள சப்பாத்துத் தளத்தில் கோடு கீறும், ஆகவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது திரும்பும் ரயில். தீவிலிருந்து வரும் அதே நாளில் ரயிலுக்கு முற்பதிவு செய்யவே கூடாது, நடுவில் ஒரு முழுநாள் இருக்கவேண்டும். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில்தான் நிற்கவேண்டிய காற்றிலும் படகை எடுக்க மனம் வரும்.

பெப்ரவரி 8

தண்ணீர்க் கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர், கழுவ 5 லீற்றர். நாலு பேருக்கு மூன்று நாளில் 108 லீற்றர். தாங்கியில் 150 பிடிக்கும். ஆனாலும் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தீட்டும் பழக்கம் ஒரே நாளில் மாறாது. அதனால் மின்பம்பியை நிறுத்திவிட்டுக் கால்பம்பியை மட்டும் விடுகிறோம். மிதித்தால்தான் தண்ணீர் வரும் என்றால் செலவு தானாகக் குறையும். குடிதண்ணீர் தனியாக 5 லீற்றர்ப் போத்தல்களில். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அருமை. அங்கே நிரப்பலாம் என்று நம்பிப் போவது தீவாருடைய பங்கில் கைவைப்பது.

மலசலகூடத்தை வெட்கப்படாமல், கையால் இயக்கிக் காட்டி விளக்கவேண்டும். நெம்பை ‘ஈரம்’ பக்கம் தள்ளிக் கடல்நீரைக் கொஞ்சம் உள்ளே எடுக்க வேண்டும். முடிந்தபின் அதே பக்கத்தில் 20 தரம் அடித்து, பிறகு ‘உலர்’ பக்கம் மாற்றிக் கிண்ணம் வெறுமையாகும் வரை அடிக்க வேண்டும். ஐந்தாறு அடியோடு விட்டால் கழிவு வெளியே போகாமல் குழாய்க்குள்ளேயே நிற்கும். நாளடைவில் சுண்ணாம்பு படிந்து குழாய் ஒடுங்கும். கடதாசி உள்ளே போகவே கூடாது. வெளிவாசல் றபர் வால்வின் இதழ்களுக்கிடையில் நார் சிக்கினால் அது மூடாது, போனது திரும்பி வரும். தண்ணீர் பாவிக்கும் நம்மவர்களுக்கு இது பெரிய கரைச்சலில்லை: ஒரு வாளி கடல்நீரும் ஒரு கோப்பையும் உள்ளே வைத்தால் நல்ல தண்ணீரும் மிஞ்சும். உதிரி வால்வு ஒன்று எப்போதும் கையிருப்பில். பம்பி இறுகினால் இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டு அடிக்க இளகும்.

பெப்ரவரி 11, காலை

பெயர்ப்பட்டியல், அடையாள அட்டை எண்கள், திரும்பும் நேரம் எல்லாம் கடற்படையிடம் கொடுத்தாயிற்று. கடல் கொள்ளாமலிருக்க (குமட்டல் வராமலிருக்க) சினரிசின் குளிசை, மருந்தகத்தில் கேட்டு, புறப்பட 2 மணிநேரம் முன்பே. வாந்தி தொடங்கியபின் விழுங்குவதில் பயனில்லை. காலைச் சாப்பாடு பாணும் வாழைப்பழமும். எண்ணெய்ப் பலகாரமும் வெறுவயிற்றில் கோப்பியும் வேண்டாம். தலை சுற்றினால் கீழே கபினுக்குள் போகாமல் தொடுவானத்தைப் பார்த்தபடி சுக்கானைப் பிடிக்கச் சொல்வோம், பெரும்பாலும் அதுவே குணமாக்கும்.

உயிர்காப்பு அங்கியை மாட்டிப் பட்டி இறுக்கிப் பார்த்தோம். பாய் பக்கம் மாறும்போது அதன் அடியிலுள்ள மரமான பூம் தலைமட்டத்தில் வீசும். ‘குனி’ என்றால் காரணம் கேட்காமல் குனியவேண்டும். எரிவாயு காற்றிலும் பாரமானது, கசிந்தால் படகின் அடியில் தங்கும். ஆகவே சமைத்து முடிந்ததும் அடுப்பிலல்ல, சிலிண்டரில் பூட்டவேண்டும்.

கடற்கோட்டையைத் தாண்டும்போது பாய் ஏற்றினோம். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை பாய்விரித்துப் போனது. அப்படிப்பட்ட கரையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு பாயையாவது இழுக்கக் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் ஆசை. பாய்க்கயிற்றை இறுக்கும் உருளையான வின்ச்சில் வலஞ்சுழியாக மூன்று சுற்று. விரல் உருளைக்கு ஒரு சாண் தள்ளி.

பெப்ரவரி 11, மாலை, நயினாதீவு

வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் தீவின் தென்மேற்குப் பக்கம் மறைவு. சாதாளை (கடற்புல்) மேல் நங்கூரம் போட்டால் அது புல்லைச் சீவிக்கொண்டு இழுபடும். வெளிறித் தெரியும் மணல்திட்டில் போடவேண்டும். அதைக் காண வெயில் உயரத்தில் இருக்கவேண்டும், ஆகவே பின்னேரம் இரண்டு மணிக்குள் வந்துவிடுகிறோம். இருட்டில் ஓடுவதில்லை: வலைக்கயிறு சுழலியில் சுற்றினால் நமக்கு இயந்திரமும் மீனவருக்கு வலையும் போகும்.

ஆழம் 4 மீற்றர், நீருக்கு மேல் அணியத்தின் (படகின் முன்பக்கத்தின்) உயரம் 1, மொத்தம் 5. பகலில் அதன் ஐந்து மடங்கு சங்கிலி, இரவுக்கு ஏழு மடங்கு: 35 மீற்றர். பின்னோக்கி இயந்திரம் கொடுத்து, கரையில் பனை ஒன்றையும் வீடு ஒன்றையும் நேர்பிடித்து, அவை விலகவில்லை என்று பார்த்தபின்தான் தேநீர்.

பெப்ரவரி 12

காலையில் படகில் மீன் சமைக்கவில்லை. நாகபூசணி அம்மனுக்குப் போய், மதியம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம்.

நாளைக்கு நெடுந்தீவா என்பது காற்றைப் பொறுத்தது. அங்கே இறங்கும் மாவிலித்துறை வடகரையில் இருக்கிறது. வாடை நேராகக் கரைக்குத் தள்ளும். நங்கூரம் பிடி விட்டால் படகு முருகைக்கல்லில்தான் போய் நிற்கும். தெற்குக் கரை மறைவு, ஆனால் அங்கேயும் கல். வானிலை அறிவிப்பில் காற்று மணிக்கு 15 கடல்மைல் வேகத்துக்கு மேல் என்று சொன்னால் படகை இங்கேயே விட்டு, குறிகட்டுவான் துறைக்குப் போய் அங்கிருந்து பயணப்படகான குமுதினியிலோ வடதாரகையிலோ அனுப்பிவைப்போம். குதிரைகளையும் கோட்டையையும் அப்படியும் பார்க்கலாம்.

பெப்ரவரி 13

காற்று 18 என்று அறிவிப்பு வந்தது. விருந்தாளிகளைப் பயணப்படகில் ஏற்றியாயிற்று. நெடுந்தீவு பார்த்து, குறிகட்டுவானிலிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போவார்கள். திரும்பும் பயணத்தை அவர்களுக்குக் கொடுக்காமலிருப்பதே நல்லது என்று நினைக்கிறோம். வரும்போது 12 காற்றில், பின்காற்றோடு 6 வேகத்தில் ஓடினோம். முகத்தில் பட்டது 6 மட்டும். அதே காற்றை எதிர்த்தால் முகத்தில் 16, 17 அடிக்கும். பக்கத்துக்கு 45 பாகை வெட்டி வெட்டிப் போவதால் 10 கடல்மைல் 14 ஆகும். முழுக்க நனையும். இன்றைக்கு 18, சொல்லவே வேண்டாம்.

நாங்கள் நாளை விடிய, பெரிய பாயில் இரண்டு மடிப்புப் போட்டு, அதைச் சிறிதாக்கிப் புறப்படுவோம். இரவுக்கு ஒடியல் மா ஊறுகிறது.