அங்க யார்னா செத்திருக்காங்களா?

“அங்க யார்னா செத்திருக்காங்களா பாப்பா?”

இஸ்திரி அண்ணன் கேட்டது இவ்வளவுதான். “ஆமாண்ணா” என்றேன். யோசிக்கவே இல்லை. அந்த ஒரு வார்த்தையை ஏழெட்டு மாதமாக மனசுக்குள் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் கையில் இருந்தது அபராதச் சலான் எஸ்.எம்.எஸ். நான் வேகக் கேமரா ஆபீஸில் வேலை பார்ப்பதாக அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் என்னிடம் நீட்டினார். லிங்கைத் திறந்தேன். பழைய ஸ்ப்ளெண்டர், பின்சீட்டில் கட்டிய துணி மூட்டை, மூட்டைக்குக் கீழே தெளிவாக நம்பர் பிளேட். ஒரு மேம்பாலத்து இறக்கம். காலை 6.12. வேகம் 63, அனுமதி 50. ஆயிரம் ரூபாய்.

“ரோட்ல ஈ காக்கா இல்ல பாப்பா” என்றார். “காலியா கெடந்துச்சு. எறக்கத்துல வண்டி தானா ஓடுது. போர்டு இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.” அப்புறம்தான் அந்தக் கேள்வி. நான் ஆமாம் என்றதும் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப சரி. கட்டிடலாம்” என்று மகனைக் கூப்பிட்டு அங்கேயே கட்டிவிட்டார். உருப்படிக்குப் பத்து ரூபாய் வாங்குகிறவர் அவர். ஆயிரம் ரூபாய்க்கு நூறு உருப்படி தேய்க்க வேண்டும்.

அந்தப் படத்தை முதலில் பார்த்தது நானாகவே இருக்கலாம் என்று அவரிடம் சொல்லவில்லை. அந்த வாரம் எனக்கு அந்தக் கேமராவோடு சேர்த்து நான்கு கேமராக்கள். ஒரு படத்துக்கு நாலைந்து விநாடிதான் கிடைக்கும். நம்பர் தெரிகிறதா, அரசின் ‘வாகன்’ பதிவேட்டில் வரும் வண்டியும் படத்தில் உள்ள வண்டியும் ஒன்றா, பக்கத்திலேயே இன்னொரு வண்டி ஓடி ரேடார் குழம்பியிருக்குமா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் அக்செப்ட். கடைசி ஒப்புதல் மேலே இருக்கும் அதிகாரியுடையது. நாங்கள் முதல் சல்லடை. மூட்டை கட்டிய வண்டிகள் தினமும் இருபது முப்பது வரும். இது நான் பார்த்ததா, பக்கத்து சிஸ்டத்தில் இருந்தவள் பார்த்ததா என்று நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

சரி, ஏன் ஆமாம் என்றேன்? அன்று இரவு எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில், அது பொய்யில்லை என்பது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் அதிவேகத்தின் பெயரில் பதிவானவை. தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருடம் 17,884 பேர். இவ்வளவு பேர் செத்த ஊரில் அந்த இறக்கத்தில் ஒருவர்கூடவா செத்திருக்க மாட்டார்?

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஐம்பதில் வருகிறவர் திடீரென்று ஒரு குழந்தையைப் பார்க்கிறார். மனசு பதறி பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகும். அதற்குள் வண்டி பதினான்கு மீட்டர் போய்விடும். பிடித்த பிரேக்கில் வண்டி நிற்க மொத்தம் முப்பது மீட்டர் சொச்சம். அறுபத்து மூன்றில் வருகிறவருக்கு அந்த ஒரு விநாடியிலேயே பதினேழரை மீட்டர் போய்விடும். முன்னவர் முழுசாக நிற்கும் அதே இடத்தில் இவருடைய வண்டி இன்னும் நாற்பதுக்கு மேல் வேகத்தில் இருக்கும். வெறும் பதிமூன்று கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஒன்றில் குழந்தை பயந்து அழும், இன்னொன்றில் அடிபடும். ரோடு காலியாகக் கிடந்தது என்றார் அண்ணன். காலி ரோட்டில்தான் வேகம் ஏறுகிறது. காலை ஆறு மணிக்குப் பால் வாங்க ஒருவர் குறுக்கே வந்துவிட்டால் அது காலி ரோடு இல்லை.

இதையெல்லாம் நான் இப்போதும் நம்புகிறேன். சொல்லப்போனால் முன்னைவிட அதிகமாக நம்புகிறேன்.

ஆனால் அவர் கேட்டது இதுவா? வேகம் ஆளைக் கொல்லுமா என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும், அவருடைய தம்பி ஜி.எஸ்.டி. ரோட்டில் அடிபட்டுக் கால் போனவர். அவர் கேட்டது “அங்க”. அந்த இடத்தில் ஏன் கேமரா? ஆளைக் காப்பாற்றவா, என் ஆயிரம் ரூபாய்க்கா? பணம் கட்டப்போகிறவர் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி. அதற்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததுபோல் சொன்னேன். அவரும் நம்பிக் கட்டினார்.

மறுநாள் சீனியரிடம் கேட்டேன். “அந்த இறக்கத்துல ஆக்சிடெண்ட் ரெக்கார்ட் இருக்கா சார்?” அவர் நல்ல மனிதர். “சைட் லிஸ்ட் நமக்கு முன்னாடியே முடிவானதும்மா. கரண்ட், கம்பம், நெட்வொர்க் எல்லாம் அங்க இருந்துச்சு. உனக்கு எதுக்கு?” என்றார். எனக்கு எதுக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நாங்கள் தினமும் அனுப்பும் ரிப்போர்ட்டில் ஐந்து கட்டங்கள்: பிடித்தவை, ஏற்றவை, தள்ளியவை, நிலுவை, வசூல். மூன்று வருடமாக நானே பூர்த்தி செய்கிற ஷீட். அந்த ஐந்துக்கு அப்பால் ஆறாவதாக ஒன்று வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கேமரா வந்ததற்கு முன் அந்த இடத்தில் எத்தனை விபத்து, வந்த பின் எத்தனை? ஒரே ஒரு கட்டம். அதில்லாமல் அண்ணனுக்கு யார்தான் பதில் சொல்ல முடியும்? எங்கள் நிறுவனத்துக்கு சலான் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் வருவதில்லை, மாதத் தொகைதான். பணத்துக்காக வைத்தது என்று அதனால் நான் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணுவது பணத்தை மட்டும்தான் என்றால், பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? வசூல் குறைந்தால் “என்ன ஆச்சு, கேமரா டவுனா?” என்று போன் வரும். ஜனங்கள் மெதுவாகப் போக ஆரம்பித்துவிட்டார்களோ என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பிரிட்டனில் 2000-இலிருந்து சில வருடங்கள் அபராதப் பணத்திலிருந்தே கேமராச் செலவை எடுத்துக்கொள்ள விட்டிருந்தார்கள். பணம் பண்ணத்தான் கேமரா என்ற பேச்சு அங்கே ஓயவேயில்லை. 2007-இல் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். ஆனாலும் கேமரா வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. உலகெங்கும் வரும் ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2010-இல் 35 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. கேமரா வைத்த இடங்களுக்கு அருகில் விபத்துகள் 8 முதல் 49 விழுக்காடு வரை குறைந்திருந்தன. எட்டுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! ஆய்வுகளின் தரமும் சுமார்தான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் ஒரு வருடம் விபத்து மிக அதிகமாக நடந்திருந்தால், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த வருடம் குறைய வாய்ப்பு அதிகம். அப்போது கேமராவை வைத்துவிட்டு “பார்த்தாயா” என்று சொல்லிவிடலாம். ஆக, அங்கே ஒருவர் செத்திருந்தார் என்றே வைத்துக்கொண்டாலும், என் “ஆமாம்” போதுமான பதில் இல்லை. இப்படி யோசித்துக்கொண்டே போனால் வாயைத் திறக்கவே முடியாது போலிருக்கிறது. அவரோ துணியை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்துவதற்கு முன் முதல் தடவை வேகத்துக்கு அபராதம் அதிகபட்சம் 400 ரூபாய். இப்போது குறைந்தது ஆயிரம். தொகை கூடினால் பயம் கூடும் என்பார்கள். சென்னையில் 2023 நவம்பரில் பைக்குக்கு 50, காருக்கு 60, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் யாராக இருந்தாலும் 30 என்று வேகத்தை மாற்றியபோது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதே ஆயிரத்தைக் காரில் போகிறவர் பார்க்கிங்கில் நின்றபடியே கட்டிவிட்டு மறந்துபோவார். அண்ணன் நூறு உருப்படி தேய்ப்பார். இதற்கு என்ன செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஏழை என்றால் வேகமாகப் போகலாம் என்றா சொல்ல முடியும்? குறுக்கே வருகிற குழந்தையும் அநேகமாக ஏழை வீட்டுக் குழந்தைதான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. என் பொய் வேலை செய்கிறது. அண்ணன் அந்த இறக்கத்தில் இப்போதெல்லாம் நாற்பதைத் தாண்டுவதில்லையாம். மகனிடமும் சொல்லியிருக்கிறார். இஸ்திரி வண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், கேமரா இருக்கிறது என்றல்ல, “அங்க ஆள் செத்திருக்கு, பாத்துப் போங்க” என்று. ஆயிரம் ரூபாய் சலான் செய்யாததை அந்த வார்த்தை செய்திருக்கிறது. இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட வேண்டும். கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதும் உண்மை.

போன வாரம் துணி வாங்கப் போனேன். மேல்வீட்டு அக்கா அங்கே நின்றிருந்தார். அவருடைய பையன் புதிதாக பைக் வாங்கியிருக்கிறான். அண்ணன் வழக்கம்போல் ஆரம்பித்தார். “அந்த எறக்கம் மட்டும் ஜாக்கிரதைன்னு சொல்லுங்க. அங்க செத்திருக்காங்க. வேணும்னா பாப்பாவைக் கேளுங்க, அது ஆபீஸ்தான்.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “அப்படியா? எத்தனை பேரு?”

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். “அந்தக் கணக்கு எங்க ஆபீஸுக்கு வராதுக்கா” என்றேன். “எனக்குத் தெரியாது.”

அண்ணன் பெட்டியைத் தூக்கிக் கரியை ஒருமுறை ஊதினார். சாம்பல் கொஞ்சம் பறந்தது. சட்டையை மறுபக்கம் திருப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்து, காலரிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.