144 ஹெர்ட்ஸ் மொனிட்டரில் ஓவர்டிரைவை எங்கே நிறுத்துவது

கிளிநொச்சியில் தம்பியின் கம்ப்யூட்டருக்கு 144 ஹெர்ட்ஸ் மொனிட்டர் ஒன்று வாங்கினோம். விஏ பேனல் (எல்சிடி திரையில் ஒரு வகை). ஃப்ரீசிங்க், அதாவது கார்டு தரும் ஃப்ரேம்களின் (படங்களின்) வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றும் அடாப்டிவ் சிங்க் வசதி, 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை. கிராஃபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650. பெட்டிக்குள் எச்டிஎம்ஐ வயர் மட்டும்தான் இருந்தது. இந்தக் கார்டில் அடாப்டிவ் சிங்க் வேலை செய்ய டிஸ்பிளே போர்ட் வயர் வேண்டும். வவுனியாவுக்குப் போன மாமா வாங்கி வந்து தந்தார். விண்டோஸில் 60 என்றிருந்ததை 144 ஆக்கி, மொனிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க்கையும் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கையும் (அதே வசதிக்கு என்விடியாவின் பெயர்) ஓன் செய்தோம்.

நேரம் எடுத்தது ரெஸ்பான்ஸ் டைம், அதாவது பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரத்தைச் சரிசெய்வதுதான். "அண்ணா, பெட்டியில ஒரு மில்லிசெக்கன் எண்டு போட்டிருக்கு, கடைசி நிலையில விடுங்கோ" என்றான் தம்பி. அந்த ஒரு மில்லிசெக்கன் எம்பிஆர்டி கணக்கு, அதாவது அசையும் படம் எவ்வளவு நேரம் கண்ணில் படுகிறது என்ற அளவு. பின்னொளியை விட்டுவிட்டு எரியவைத்து அசைவைத் தெளிவாகக் காட்டும் முறையில் வரும் எண் அது. அந்த முறையை ஓன் செய்ததும் திரை மங்கியது, ஃப்ரீசிங்க்கும் நின்றுவிட்டது. சரி, அது வேண்டாம்.

மிஞ்சியது ஓவர்டிரைவ்: நோர்மல், ஃபாஸ்ட், ஃபாஸ்டஸ்ட். பிக்சலுக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து நிறத்தை விரைவாக மாற்றுகிற வேலை இது. குறைந்தால் அசையும் பொருளுக்குப் பின்னால் வால் இழுக்கும். கூடினால் நிறம் இலக்கைத் தாண்டிப்போய் வெள்ளை விளிம்பு விழும். 144இல் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 7 மில்லிசெக்கன், 60இல் 16.7. அடாப்டிவ் சிங்க்கில் இந்த இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் மொனிட்டரில் ஓவர்டிரைவின் அளவு அதற்கேற்ப மாறுவதில்லை. ஆகவே வேகத்துக்குப் பொருந்திய நிலை மெதுவான இடத்தில் மிகையாகிவிடுகிறது.

விளையாட்டுக்குள்ளேயே சோதித்தோம். வலோரண்டில் செக்கனுக்கு 140 ஃப்ரேமை ஒட்டி ஓடியபோது ஃபாஸ்ட் அருமையாக இருந்தது. ஜிடிஏ 5இல் ஃப்ரேமை 60இல் கட்டி, இரவுத் தெருவில் கமராவைத் திருப்பினால், அதே ஃபாஸ்டில் விளக்குக் கம்பங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு. நோர்மலில் அது இல்லை, இருட்டில் கொஞ்சம் வால் மட்டும். ஃபாஸ்டஸ்ட் இரண்டிலும் கண்ணை உறுத்தியது. ஒரே நிலையில் விடுவதென்றால் நான் நோர்மலையே சொல்வேன். வால் கண்ணுக்குப் பழகிவிடும், வெள்ளை விளிம்பு பழகாது.

இருட்டுக் காட்சிகளில் திரை மினுங்கியதும் ஒரு பிரச்சினை. ஃப்ரேம் 48க்குக் கீழே போனால் மொனிட்டர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டும். அந்த எல்லையில் ஏறி இறங்கும்போது விஏ பேனலில் வெளிச்சம் துடிக்கிறது. நிழல் தரத்தைக் குறைத்து 55க்கு மேலே நிற்க வைத்ததும் அடங்கியது. மேல் எல்லையை 141இல் கட்டிவிட்டோம், 144ஐத் தாண்டினால் சிங்க் கைவிட்டுவிடும்.