கத்ரி ஓடையில் தொடங்கிய சண்டை

ஓக்லஹோமா சிட்டிக்கு வடக்கே எட்மண்டில் என் சித்தி மகள் வீடு. 2024 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். வீட்டு வாசலில் நின்ற காரின் பின்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர். பாதி ஆரஞ்சு, பாதி அடர்சிவப்பு. தங்கை படித்தது ஸ்டில்வாட்டரில் உள்ள ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம், அதன் நிறம் ஆரஞ்சு. மாப்பிள்ளை படித்தது நார்மனில் உள்ள ஓக்லஹோமா பல்கலைக்கழகம், அதற்கு அடர்சிவப்பு. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 130 கிலோமீட்டர்தான். அந்த மாநிலத்தில் இப்படி இரண்டாகப் பிரிந்த வீடுகள் ஏராளம்.

இரண்டு கல்லூரிகளும் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு ‘பெட்லம்’ என்று பெயர். பெரும் கூச்சல், களேபரம் என்று பொருள். 1910 முதல் 2023 வரை ஒரு வருடம்கூடத் தவறாமல் நடந்த ஆட்டம் அது. நான் அங்கே போயிருந்த 2024-இல் அது நடக்கவில்லை.

புதன்கிழமை காலையில் தங்கை காரை எடுத்தாள். 35-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் முதலில் வருவது கத்ரி. ஓக்லஹோமாவின் முதல் தலைநகரம். 1889 ஏப்ரல் 22 அன்று ஒரே நாளில் பல்லாயிரம் பேர் ஓடிவந்து நிலம் பிடித்ததில் உருவான ஊர். 1910-இல் தலைநகர் அந்தஸ்து ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டதால், பழைய செங்கல் கட்டடங்கள் இடிபடாமல் அப்படியே நிற்கின்றன. அவற்றைப் பார்க்கவே ஒரு முழு நாள் வேண்டும். நாங்கள் நேரே காட்டன்வுட் ஓடைக்குப் போனோம்.

1904 நவம்பரில் இந்த ஊரில்தான் முதல் ஆட்டம். கடும் குளிர், பலத்த காற்று. ஸ்டில்வாட்டர் அணி உதைத்த பந்தைக் காற்று பின்பக்கமாகத் தள்ளியது. அது உருண்டு ஓடைக்குள் விழுந்தது. ஆட்டம் நிற்கவில்லை, பந்தை எடுத்தவருக்குப் புள்ளி. இரண்டு அணி ஆட்களும் அந்த ஐஸ் தண்ணீரில் குதித்தார்கள். நார்மன் அணிக்காரர் பந்தோடு கரையேறிப் புள்ளி எடுத்தார். முடிவு 75-0. கரையில் நின்று தண்ணீரைக் காட்டி, தன் பாட்டனார் கதையைச் சொல்வது போல இதைத் தங்கை சொன்னாள். அவளுடைய அணி படுதோல்வி அடைந்த கதை, ஆனால் குரலில் அவ்வளவு பெருமை!

அங்கிருந்து ஸ்டில்வாட்டர். விடுமுறை என்பதால் வளாகத்தில் ஆளே இல்லை. பூன் பிக்கன்ஸ் ஸ்டேடியத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தோம். 2023 நவம்பர் 4 அன்று கடைசி பெட்லம் இங்கேதான். ஆரஞ்சு அணி 27-24 என்று ஜெயித்தது. தங்கை அன்று உள்ளே இருந்தாள். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டதாம். “ஜெயிச்ச சந்தோஷத்துல குதிச்சேன் அண்ணா. அப்புறம்தான் இனிமே இது கிடையாதுன்னு உறைச்சது.”

ஏன் நின்றது? கல்லூரி அணிகள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டணிகளாகப் பிரிந்து விளையாடுகின்றன. தொலைக்காட்சி உரிமைப் பணம் கூட்டணி வழியாகத்தான் வருகிறது. ‘பிக் 12’ கூட்டணியில் இருந்த ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் டெக்சஸ் பல்கலைக்கழகமும், பணம் அதிகம் புரளும் எஸ்.இ.சி. என்ற கூட்டணிக்குப் போவதாக 2021 ஜூலையில் அறிவித்து, 2024 ஜூலை 1 அன்று போய்ச் சேர்ந்தன. ஓக்லஹோமா ஸ்டேட் பழைய இடத்திலேயே நின்றது. ஒரே கூட்டணியில் இல்லாவிட்டால் தனியாக ஒப்பந்தம் போட்டுத்தான் விளையாட வேண்டும், அதற்கான தேதிகளோ பல வருடங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன.

எனக்கு வலித்தது வேறு ஒன்று. நடந்த 118 ஆட்டங்களில் நார்மன் ஜெயித்தது 91, ஸ்டில்வாட்டர் 20, மீதி 7 சமன். நார்மன்காரர்களுக்கு டெக்சஸ்தான் பெரிய பகை. அந்த டெக்சஸ் அவர்களோடு சேர்ந்தே போனதால், டாலஸில் வருடாவருடம் நடக்கும் ஆட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டில்வாட்டருக்கு இருந்த பெரிய பகை இது ஒன்றுதான். அதைப் பறிகொடுத்தவர்கள், எங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தவர்கள். இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மல்யுத்தம் போன்ற போட்டிகளில் இரு கல்லூரிகளும் இன்னும் மோதுகின்றன. ஆனால் ஊரே கடையை மூடிவிட்டுப் பார்க்கும் ஆட்டம் கால்பந்துதான்.

முன்பெல்லாம் இந்த விடுமுறை வாரத்திலேயே பல முறை பெட்லம் நடந்திருக்கிறது. இந்த முறை வெள்ளிக்கிழமை தங்கையின் அணி கொலராடோவில் 52-0 என்று தோற்றது. மாப்பிள்ளை ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை, எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். சனிக்கிழமை இரவு அவருடைய அணி லூசியானாவில் எல்.எஸ்.யு. எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் 37-17 என்று தோற்றது. தங்கையும் எதுவும் பேசவில்லை.

அதே நேரத்தில் இன்னொரு சேனலில் டெக்சஸும், அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான டெக்சஸ் ஏ அண்ட் எம்மும். 2011-க்குப் பிறகு, 13 வருடம் கழித்து. ஏ அண்ட் எம் கூட்டணி மாறியதால் நின்ற ஆட்டம், டெக்சஸும் அதே கூட்டணிக்கு வந்ததால் உயிர்பெற்றது. டெக்சஸ் 17-7 என்று ஜெயித்தது. தோற்ற ஊரின் கூட்டத்தைத்தான் நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நமக்கும் 13 வருஷம்னா 2036. பையனுக்கு 19 வயசு ஆகியிருக்கும்” என்றாள் தங்கை.

“காலேஜ் போயிருப்பான்” என்றார் மாப்பிள்ளை.

“எந்தக் காலேஜ்?”

அதற்கப்புறம் இருவருக்கும் நடந்த வாக்குவாதத்தில் பையன் விழித்துக்கொண்டான்.