கேபிளைக் கழற்றட்டுமா என்று அவர் கேட்டார்

இரவு 2.17 மணிக்கு நான் ‘ஒய்’ (ஆம்) என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினேன். ஒரு சர்வர் அணைந்துவிட்டது என்று மனிதனே உறுதிசொல்லும் ‘பிசிஎஸ் ஸ்டோனித் கன்ஃபர்ம்’ கட்டளை உடனே எதையும் செய்துவிடுவதில்லை. அந்த நோட், அதாவது அந்த சர்வர், உண்மையில் அணையாமலிருந்தாலோ, பொது ஸ்டோரேஜை அதனால் இன்னும் தொட முடிந்தாலோ தரவு சிதையக்கூடும் என்று எச்சரித்துவிட்டு, தொடரலாமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது ஏதாவது தெரிந்திருந்ததா என்று இரண்டு ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டே நோட்கள் கொண்ட கிளஸ்டர் அது; ஒன்று விழுந்தால் அதன் வேலையை மற்றது ஏற்கும். முதல் நோட் திடீரென மௌனமானது. அதை அணைக்க இரண்டாவது நோட், சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்கவும் எழுப்பவும் உதவும் ஐபிஎம்ஐ வழியாக முயன்று முயன்று தோற்றது. ஐபிஎம்ஐ அந்த சர்வரின் மின்சாரத்திலேயே இயங்குவதால், மின்சாரம் போன சர்வரும் நெட்வொர்க் அறுந்து உயிரோடிருக்கும் சர்வரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். கிளஸ்டரை நடத்தும் மென்பொருளான பேஸ்மேக்கர் அந்த நோடை ‘அன்கிளீன்’ (நிலை உறுதியற்றது) என்று குறித்துவிட்டு, டேட்டாபேஸைத் தொடங்க மறுத்து நின்றது. அது சரியாகவே நடந்துகொண்டது. இரண்டு நோட்களுக்கும் பொதுவான வட்டான எங்கள் லன்னில் இருந்தது எக்ஸ்எஃப்எஸ். ஒரு நேரத்தில் ஒரு சர்வரில் மட்டுமே மவுண்ட் ஆகவேண்டிய, அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப்படவேண்டிய, ஃபைல் சிஸ்டம். இரண்டு சர்வர்கள் அதை ஒருசேர மவுண்ட் செய்தால், ஒவ்வொன்றும் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் கணக்கையே மெய்யென்று நம்பி, மற்றது எழுதியதன்மேல் எழுதிவிடும்.

ஆனால் அந்த டேட்டாபேஸில் இருந்தவை ஒரு மருத்துவமனையின் ஆய்வக முடிவுகள். அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து அதற்குள் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள்.

டேட்டா சென்டரில் இரவுப் பணியிலிருந்த டெக்னீஷியனை அழைத்தேன். ரேக் எண்ணையும் சர்வரின் இடத்தையும் சொன்னேன். சிறிது நேரத்தில், “லைட் எல்லாம் அணைஞ்சிருக்கு சார்” என்றார். பிறகு அவராகவே, “எதுக்கும் ரெண்டு பவர் கேபிளையும் கழட்டிடட்டுமா சார்?” என்று கேட்டார்.

“வேண்டாம், அணைஞ்சிருந்தா போதும்” என்றேன்.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். இரண்டு நோட்களும் ஒரே மாதிரி சர்வர்கள், ஒரே ரேக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. சில மாதங்களுக்கு முன் வேறொரு ரேக்கில், வேறொருவர், தவறான சர்வரின் கேபிளைக் கழற்றியிருந்தார். எஞ்சியிருக்கும் ஒரே நோடையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில்தான் வேண்டாம் என்றேன். அடுத்த கணமே, அவர் சரியான சர்வரைத்தான் பார்த்தார் என்று நம்பி ‘ஒய்’ தட்டினேன். கழற்றுவதற்கு நம்பாத ஒருவரின் கண்களை மட்டும் எப்படி நம்பினேன்?

அந்த அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. அந்நேரத்தில் இரண்டாவது நோடில் எந்தச் சேவையும் ஓடவில்லை. தவறிப்போய் அதன் கேபிளைக் கழற்றியிருந்தாலும் அது மீண்டும் எழும்பப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். தரவுக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. போதாததற்கு, அதன் ஐபிஎம்ஐ நன்றாகவே இயங்கியது. அதன் அடையாள நீல விளக்கை எரியவிட்டு, “நீல விளக்கு எரிகிறதைத் தொடாதீர்கள், அதற்கு மேலே இருப்பதைக் கழற்றுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். ஸ்டோரேஜ் பிரிவுத் தோழரை எழுப்பி, சர்வர்களை ஸ்டோரேஜோடு இணைக்கும் சான் ஸ்விட்சில் முதல் நோடின் போர்ட்களை மூடச் சொல்லியிருந்தால், அது உயிரோடிருந்தாலும் வட்டைத் தொட்டிருக்காது. இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. அன்றிரவு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். காத்திருந்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் என்னவாக இருந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளும்போது, செய்தது சரியென்றும் தோன்றுகிறது. அந்த எண்ணம் மறுநாள்வரை நிற்பதில்லை.

தரவுக்கு எதுவும் ஆகவில்லை. எக்ஸ்எஃப்எஸ் சோதனையிலும் டேட்டாபேஸின் செக்சம் சோதனையிலும் பிழை வரவில்லை. அந்த ஒரு மணி நேர முடிவுகளை ஆய்வகக் கருவிகளின் பதிவுகளோடு வரிவரியாக ஒப்பிட்டோம், எல்லாம் ஒத்துப்போயின. முதல் நோடில் பழுதானது மதர்போர்டு. அதை மாற்றி எழுப்பிய பிறகு, அதன் உள்வட்டில் இருந்த கடைசிப் பதிவைப் பார்த்தேன். நேரம் 2.19.

நான் ‘ஒய்’ தட்டி இரண்டு நிமிடம் கழித்து. அந்த நோடின் கடிகாரம் சில காலமாக, நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியோடு ஒத்திசையாமல் ஓடியிருந்தது, ஆகவே இரண்டு நிமிடப் பிழை இருந்திருக்கலாம். எவ்வளவு பிழை என்று அளந்து பார்க்கப் பழைய மதர்போர்டிலிருந்த கடிகாரம்தான் வேண்டும், அது போய்விட்டது. விளக்குகள் அணைந்த சர்வரைத்தான் அவர் பார்த்தாரா, அதற்குப் பிறகுதான் அது உயிர்விட்டதா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

2012 டிசம்பரில், மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் நெட்வொர்க் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் தடைப்பட்டபோது, அதன் ஃபைல் சர்வர் ஜோடிகளில் சில ஒன்றையொன்று அணைத்துக்கொண்டன. இரண்டும் அணைந்துபோவதை முன்பெல்லாம் ஃபென்சிங்கின், அதாவது மௌனமான நோடை வலிந்து விலக்கும் முறையின், தோல்வியாகவே பார்த்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. சேவை நின்றால் திரும்பத் தொடங்கலாம்; இரண்டு கைகள் எழுதிய வட்டைப் பிரித்தெடுக்க வழியில்லை.

ஐபிஎம்ஐ தோற்றால் ரேக்கின் மின்பகிர்வுப் பெட்டியான பிடியூவில் அந்த சர்வரின் இரண்டு மின் இணைப்புகளையும் துண்டிக்குமாறு இரண்டாம் நிலை ஃபென்சிங்கைப் பிறகு சேர்த்தோம். அதுவும் தோற்றால் மீண்டும் மனிதன்தான் ‘ஒய்’ தட்டவேண்டும். அதற்கான செயல்முறைக் குறிப்பில், இரண்டு கேபிள்களும் கழற்றப்பட்டதைப் படமெடுத்து அனுப்பிய பின்பே உறுதிசெய்ய வேண்டும் என்று எழுதினேன். தவறான சர்வரின் கேபிளைக் கழற்றிவிட்டால் என்ன செய்வது என்று அணியில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டார். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து மூன்றாவது முறை அழைப்பு வரும்போதும் அந்தப் பத்து நிமிடத்தை நான் காத்திருப்பேனா என்று அவர் கேட்கவில்லை.

சம்பவ அறிக்கையில், ‘நோட் அணைந்திருப்பது நேரில் உறுதிசெய்யப்பட்டது’ என்று நான் எழுதிய வரி இன்னும் அப்படியே இருக்கிறது. கேபிளைக் கழற்றட்டுமா என்று அவர் கேட்டது அதில் இல்லை.