களத்து வெயில்

2024 டிசம்பர் 21, மியூனிக்

இந்த ஊரில் வருஷத்திலேயே சின்னப் பகல் இன்றைக்குத்தான். காலை 8 மணிக்குக் கிளம்பிய பொழுது சாயங்காலம் 4.20-க்கு இறங்கிவிட்டது. நடுவிலும் சூரியனைக் கண்ணால் பார்க்கவில்லை. மேகம் கொஞ்சம் வெளுத்ததோடு சரி. ஈரோட்டுப் பக்கம் எங்கள் கோபிசெட்டிபாளையத்தில் இதே நாளில் பதினொன்றரை மணி நேரம் பகல் இருக்கும். "இங்க வெயில் சுள்ளுனு அடிக்குது, நெல்லு காயப் போட்டிருக்கு" என்று வீட்டுக்காரர் போனில் சொன்னபோது ஏக்கமாக இருந்தது.

பேத்தி பிறந்து 5 வாரம். பிறந்ததிலிருந்து ஒரு மருத்துவச்சி வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டார். காப்பீட்டிலேயே அது அடக்கமாம். இப்படி ஓர் ஏற்பாடு நம் ஊர்ப் பெண்களுக்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! குழந்தைக்குத் தினமும் வைட்டமின் டி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், முதல் வருஷம் முழுக்க. மகள் அந்த மாத்திரையைக் கரைக்கும்போது, அவளை அவளுடைய அம்முச்சி, என் அம்மா, வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து இளவெயிலில் போட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

2024 டிசம்பர் 29, மியூனிக்

குழந்தைத் துணியெல்லாம் ஹீட்டர் பக்கத்தில் ஸ்டாண்டில்தான் காய்கிறது. இரண்டு நாள் ஆகிறது. காய்ந்த பிறகும் அந்த மொடமொடப்பு இல்லை, வெயில் வாசம் இல்லை. வீட்டுக்குள் ஈரம் தங்கினால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்று, உறைகிற குளிரிலும் ஜன்னலை ஐந்து பத்து நிமிஷம் அகலத் திறந்து வைக்கிறார்கள்.

இன்று மத்தியானம் ஒரு மணி நேரம் வெயில் வந்தது. மகள் என்னைப் பூங்காவுக்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டிக் கிடக்க, சனம் முழுக்கப் பூங்காவில் இருந்தது. பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. ஒரு பாட்டியம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டார். மேலே கையைக் காட்டிச் சிரித்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். 58 வயது வரைக்கும் வெயிலைக் கண்டால் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுத்தான் நடந்திருக்கிறேன்.

2025 ஜனவரி 14, மியூனிக்

பொங்கல். சூரியனுக்கு வைக்கிற பொங்கலைச் சூரியன் இல்லாமல் வைத்தேன். போனில் திசை பார்த்து, கிழக்கு ஜன்னல் ஓரமாகக் கோலம் போட்டு, மின்சார அடுப்பில் சின்னப் பாத்திரம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பெட்டியிலேயே வந்திருந்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் சர்க்கரை வாங்குகிறார்கள் என்று மருமகனிடம் சொன்னேன். வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். 8 மணிக்கு மேல் பால் பொங்கியது. ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வானம். பேத்தியைத் தூக்கிவந்து அந்தப் பக்கமாகவே கும்பிட வைத்தோம்.

ஊரில் காப்புக் கட்டிய படம் வந்தது. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. தோட்டத்து மூலையில் வீட்டுக்காரர் செருகியிருந்த கொத்தின் மேல் வெயில் விழுந்திருந்தது. அந்தப் படத்தை இன்றைக்கு எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ.

2025 ஜனவரி 25, வீடு

ஏற்காடு எக்ஸ்பிரஸில் விடிகாலை ஈரோடு வந்து இறங்கி, கோபி பஸ் ஏறினேன். "பையை இப்படிக் குடுங்க, நீங்க உக்காருங்க" என்று நடத்துநர் பெட்டியை வாங்கி வைத்தார். சித்தோடு தாண்டியதும் வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஷட்டரை இறக்கப் போனாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும் கண்ணு" என்றேன். சரிங்க என்று விட்டுவிட்டாள்.

இட்டேரிப் பாதையில் எதிரே வந்த பெரியம்மா, "ஏனம்மிணி, வெளுத்துப் போயிட்டே?" என்றார். பழமை பேசி முடிக்க அரைமணி நேரம் ஆனது. அப்புறம் பெட்டியைக்கூடப் பிரிக்காமல், மூன்று மாதமாகப் பீரோவில் கிடந்த போர்வை, தலையணை எல்லாவற்றையும் கயிற்றுக் கட்டிலில் காயப் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் மொடமொட.

2025 பிப்ரவரி 16

மஞ்சள் வெட்டு முடிந்தது. வேகவைத்த மஞ்சள் களத்தில் காய ஆரம்பித்து இன்று ஐந்தாம் நாள். விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். இன்னும் ஒரு வாரம், பத்து நாளாவது காயவேண்டும். ஐந்து பங்கு பச்சை மஞ்சள் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு பங்குதான் மிஞ்சும். மீதியெல்லாம் வெயில் குடிப்பது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மண்ணையும் தண்ணீரையும் பற்றித்தான் நாங்கள் பெருமையாகப் பேசினோம். இந்தக் களத்து வெயிலைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும்தான். தினமும் கூலி கேட்காமல் வந்து வேலை செய்கிற ஆள் அல்லவா அது.

பகலில் நானே இறங்கிக் கிளறி விடுகிறேன். "வெயில் தாழட்டும், உள்ள வா" என்று அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.

பொழுதோட 6 மணிக்கு மகள் கூப்பிட்டாள். அங்கே மத்தியானம் ஒன்றரை, வெளியே பனி பெய்கிறதாம். பேத்தியை மடியில் வைத்திருந்தாள்.

"அம்மா, போனைக் களத்துப் பக்கம் திருப்புங்க."

திருப்பினேன். மஞ்சள் முழுக்கச் சாயங்கால வெயில்.

"இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருங்க. பாப்பா பாக்கறா."

பொழுது இறங்கும் வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பனிக்குப் பயந்து மஞ்சளைக் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூட ஆரம்பித்தார்.