பகடையில் பேஸ்பால்: சராசரி எடுத்தால் ஏன் தப்பாகிறது

இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில் புக் கிரிக்கெட் ஆடாத பிள்ளைகள் குறைவு. பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். அதில் டெண்டுல்கரும் பதினொன்றாவது ஆளும் ஒன்றுதான். உண்மை ஆட்டக்காரர்களின் கணக்கை வைத்துப் பகடையிலோ கணினியிலோ ஆடும் பேஸ்பால் சிமுலேஷன் இந்தக் குறையைத் தீர்க்கிறது. அடிப்பவர் (பேட்டர்), எறிபவர் (பிட்சர்) இருவர் திறமையும் முடிவுக்குள் வரவேண்டும்.

1961-ல் வந்த ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் என்ற பேஸ்பால் போர்டு கேமில் மூன்று பகடை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு கார்டு, அதில் வரிவரியாக முடிவுகள். தனிப் பகடையில் 1 முதல் 3 விழுந்தால் பேட்டர் கார்டு. 4 முதல் 6 என்றால் பிட்சர் கார்டு. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். 36 வாய்ப்பில் 7 ஆறுமுறை வரும், 2 ஒரேமுறை. அதனால் ஹோம் ரன்னை (கிரிக்கெட் சிக்ஸர் போல பந்தை வெளியே அடிப்பது) எந்த வரியில் எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாதி நேரம்தான் பேட்டர் கார்டு பேசும். ஆகவே அதில் அவருடைய விகிதத்தை இரட்டித்து, லீக் சராசரியை (எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொதுவான விகிதத்தை) கழித்து எழுத வேண்டும். இங்கேதான் இடிக்கும். பேட்டரின் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி அவுட் ஆவது) 10%, லீக் 22% என்றால் விடை மைனஸ் 2. மைனஸை கார்டில் எழுத முடியாது, 0 போடலாம். 30% எடுக்கும் பிட்சருக்கு கார்டில் 38. இருவரும் மோதினால் இரண்டின் சராசரியாக 19% வரும். இது அதிகம்.

கணினிக்கு ஏற்றது பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸின் லாக் ஃபைவ் என்ற சூத்திரம். சதவீதத்தை விடுங்கள், ஆகும்-ஆகாது விகிதத்தை எடுங்கள். 10:90 என்றால் 0.111, 30:70 என்றால் 0.429, லீக் 22:78 என்றால் 0.282. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் 0.169. அதை 1.169-ஆல் (1 + 0.169) வகுத்தால் 14.4%, 19 அல்ல. இவ்வளவு சின்னக் கணக்கு இவ்வளவு நியாயமாக நடப்பது அழகு!

ஸ்ட்ரைக் அவுட்டை முதலில் பார்த்துவிட்டு 'வாக்' (நான்கு தவறான பந்துக்குப் பேட்டர் முதல் பேஸுக்கு இலவசமாகப் போவது) பக்கம் போனால், மிச்சத்திலிருந்து விகிதம் எடுங்கள். 600 வாய்ப்பில் 60 ஸ்ட்ரைக் அவுட், 60 வாக் என்றால் இரண்டாம் படியில் 60/540, அதாவது 11.1%. பழைய 10%-ஐயே போட்டால் 54 வாக்தான் கிடைக்கும்.

மைதானமும் உண்டு. முப்பந்தல் காற்றில் பந்தைத் தூக்கி அடித்தவர்களுக்கு இது புரியும். அமெரிக்காவில் டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு மைதானம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிது, பந்து தூரம் போகும். அங்கே ஹோம் ரன் 1.2 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்ப் பேட்டர் பாதி ஆட்டத்தை அங்கேயே ஆடுவதால் அவர் கணக்கில் 1.1 மடங்கு ஏற்கெனவே ஏறியிருக்கும். முதலில் 1.1-ஆல் வகுத்துவிட்டு, அங்கே ஆடும்போது மட்டும் 1.2-ஆல் பெருக்குங்கள்.