பாதி பிளேடு

ட்ரேசிங் தாளில் மைக்கோடு தவறிப்போனால் ரப்பர் மட்டும் போதாது. ஷேவிங் பிளேடை நீளவாக்கில் இரண்டாக உடைத்து, ஒரு பாதியை எடுத்து, முனை படாமல் மெல்லச் சுரண்ட வேண்டும். அழுத்தினால் தாள் ஓட்டையாகிவிடும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினால்தான் அடுத்த கோடு பரவாமல் நிற்கும். கட்டுமான வரைபடம் வரையும் டிராஃப்ட்ஸ்மேனாக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எங்கள் ஹெட் இதைச் சொல்லிக்கொடுத்தார். என்னதான் கவனமாகச் சுரண்டினாலும் அம்மோனியா பிரிண்ட், அதாவது வரைபடத்தின் நகல், எடுத்தால் அந்த இடத்தில் லேசாக ஒரு மங்கல் விழும். அலுவலகத்துக்கு அது குறை. எனக்கு அது பிடிக்கும். சரியாக விழுந்த கோடுகளைவிட அதையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஓவியம். முதலில் காசிமேட்டுப் படகுகளும் மனிதர்களும்தான். படகு போனது, அப்புறம் ஆட்கள் போனார்கள், தண்ணீரின் நிறம் மட்டும் மிஞ்சியது. ஒரு நிறத்தைப் பூசி, அது முழுதாகக் காய்வதற்குள் மேலே இன்னொன்றைப் பூசிவிட்டு, கத்தியால் சுரண்டி எடுப்பேன். அடியில் இருப்பது அங்கங்கே எட்டிப்பார்க்கும். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும். எனக்கு வேலை நாள் போக ஞாயிறுதான். இரண்டும் ஒத்துப்போயின.

அந்த நாட்களில் எனக்குத் தைரியம் தந்தவர் அச்சுதன் கூடல்லூர். சிவில் இன்ஜினியராக வேலை பார்த்தவர். மாலை நேரங்களில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் வரையப் பழகி, உருவங்களில் தொடங்கி அரூபத்துக்குப் போனவர். 1988இல் லலித் கலா அகாதமியின் தேசிய விருது பெற்றார். நான் அவரிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அவர் ஓவியத்தின் சிவப்பின் முன்னால் நின்றிருக்கிறேன், அது போதும். ஓவியர் ஆதிமூலமும் அப்படித்தான். காந்தியைக் கோடுகளாக வரைந்த கை, பிறகு வெறும் வண்ணப்பரப்புக்குள் போனது. கோட்டில் தேறியவர்கள்தான் கோட்டை விட முடியும் என்று அப்போது நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

அங்கீகாரம் என்பது எனக்கு மிக மெதுவாக வந்தது. ஒரு கேலரியில், பிள்ளையாரோ குதிரையோ இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். பல வருடம் குழுக் கண்காட்சிகளில் மூலைச்சுவர்தான் கிடைத்தது. முதலில் விற்றது ஒரு சாண் அகலப் படம். வாங்கியவர் கண் மருத்துவர். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு"ன்னு கேட்காமலே எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் அவரே இரண்டு பேரை அனுப்பினார். அந்த இருவர் வழியாக இன்னும் சிலர். எனக்குத் தெரிந்து அரூப ஓவியம் இப்படி ஆள் ஆளாகத்தான் நகர்கிறது.

2013இல் மும்பை ஏலத்தில் அரூப ஓவியர் வி.எஸ். கைத்தொண்டேயின் ஒரு படம் 23.7 கோடி ரூபாய்க்குப் போனபோது அலுவலகத்தில் எல்லோரும் என்னைத் தேடிவந்து விலையைப் பற்றிப் பேசினார்கள். வருடத்துக்கு ஒரு சில படங்களே வரைந்தவர் அவர், உருளையால் பூசிக் கத்தியால் வழித்தெடுத்தவர் என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னேன். இரண்டு பேர் கேட்டார்கள்.

சென்ற வருடம் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் என் தனிக் கண்காட்சி. நிறையப் பேர் வந்தார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள் எங்கள் பழைய ஹெட் வந்தார், ஓய்வுபெற்றுப் பல வருடமாகிறது. மகள் கையைப் பிடித்தபடி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், நீலப் படத்தின் முன் நின்றுவிட்டார். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், அடியிலிருந்த மஞ்சள் தெரிந்த இடத்தில் விரலை நீட்டி, தொடாமல் நிறுத்தினார்.

"ஏம்ப்பா, இதைக் கத்தியால சுரண்டலையே?"

"இல்ல சார். பிளேடு."

"பாதியா?"

"பாதிதான் சார்."

தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.